கரண்ட் இல்லாமல் ஓடும் மெஷினைப் பார்க்கப் போகும்போது

செங்கோட்டையில் கொல்லம் ரோட்டு மேல் எனக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை. இந்தப் பக்கம் பண்பொழி, வடகரையிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் எரிந்துபோன மோட்டார்கள் வரும். கூடவே, இரண்டு மாதத்துக்கு ஒருவராவது போனை நீட்டிக்கொண்டு வருவார். போனில் ஒரு வீடியோ இருக்கும். ஒரு மோட்டார், ஒரு கனமான சக்கரம், சுற்றினால் கரண்ட் தரும் ஒரு ஆல்டர்னேட்டர், பலகையில் எரியும் நாலு பல்பு. "பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஓடுது, பாத்தீங்களா அண்ணாச்சி?" என்பார். பின்னணியில் சினிமாப் பாட்டு பலமாக ஓடும். மெஷினின் சத்தம் மட்டும் கேட்காது.

போன சித்திரையில் அப்படி வந்தது என் மச்சினன். பண்பொழிப் பக்கம் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. விவசாயக் கரண்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறான். டீசல் என்ஜினுக்கு ஊற்றி ஊற்றி ஓய்ந்துபோனவன். "அத்தான், 3 கிலோவாட் தருதாம். விலை 85,000. அட்வான்ஸ் 10,000 கட்டினா போதும். நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க" என்றான். மெஷின் இருந்தது புளியரை செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவுக்கு அருகே ஒரு ரப்பர் ஷீட் புரையில், அதாவது கொட்டகையில். அன்றைக்கு நான் செய்ததையும், செய்யத் தவறியதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். வீடியோவை மூன்று தடவை பாருங்கள், ஒரு தடவையாவது சத்தத்தை அணைத்துவிட்டு. என்ன காட்டுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைக் காட்டவில்லை என்று பாருங்கள். மச்சினன் காட்டிய வீடியோ 3 நிமிடம் 40 நொடி. நடுவில் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தார்கள். மேஜைக்கு அடியை ஒரு தடவையும் காட்டவில்லை. மீட்டர் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. எரிந்த பல்பு நாலும் எல்.இ.டி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளில் இருப்பவற்றைத்தான்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. சக்கரம் என்பது ஒரு தொட்டி மாதிரி. சுற்றிவிட்ட சக்தியைப் பிடித்து வைத்திருந்து திருப்பித் தரும், அவ்வளவுதான். 50 கிலோ எடை, 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டித் தட்டு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால், அதில் சேர்ந்திருப்பது ஏறக்குறைய 28 கிலோஜூல். வேகம் பாதியாகக் குறைவதற்குள் இதில் முக்கால் பங்கு வெளியே வந்துவிடும். அந்த முக்கால் பங்கில் ஒரு 100 வாட் பல்பு மூன்றரை நிமிடம் எரியும். பேரிங்கும் பெல்ட்டும் தின்பது போக இன்னும் குறையும். ஆக, மூன்று நிமிட வீடியோ ஒன்றையும் நிரூபிக்காது. பிளக்கைப் பிடுங்கியதும் சட்டென்று நின்றிருந்தால்தான் ஆச்சரியம்.

எல்.இ.டி. பல்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல எல்.இ.டி. பல்புகளுக்குள் இருக்கும் டிரைவர், 230 வோல்ட் 120-க்கு இறங்கினாலும் வெளிச்சத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கரம் தளர்வது கண்ணுக்குத் தெரியாது. பழைய குண்டு பல்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வோல்ட் இறங்க இறங்க மஞ்சளாகி, சிவந்து, அணைந்துவிடும். அதனால் பையில் ஒரு 200 வாட் குண்டு பல்பும் ஹோல்டரும் இரண்டு மீட்டர் ஒயரும் போட்டுக்கொள்ளுங்கள். ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் என் டாங் டெஸ்டரைவிட அன்று அதிகம் உதவியது அந்தப் பல்புதான்.

பேட்டரிக்கும் இதே மாதிரிக் கணக்குப் போடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குள் 1.8 யூனிட் இருக்கிறது. 9 வாட் பல்பு ஒன்றை அது ஒரு வாரம் எரிக்கும். யு.பி.எஸ்.ஸில் வரும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, செங்கல்லைவிடச் சின்னது, அதே பல்பை ஒன்பது மணி நேரம் எரிக்கும். மேஜைக் காலுக்குள், இரும்புக் குழாய்க்குள், ஆல்டர்னேட்டர் ஓட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் இது அடங்கும்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் குனிந்து மேஜைக் காலைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். பலரும் சறுக்கும் இடம் இது. வித்தை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பார்க்கப் போகிறவனின் வேலையே கிடையாது. கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மெஷின் நிஜம் என்று ஆகிவிடுமா? திருவிழாவில் புறாவை வரவழைப்பவனின் கைவித்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதற்காக அவன் புறாவைப் படைத்தான் என்று நம்பவா செய்கிறேன்? வாயால் சொன்ன சக்தியை அளந்து காட்ட வேண்டியது விற்கிறவன் பொறுப்பு.

ஆனாலும் காதுக்கு வேலை கொடுங்கள். 1813-இல் நியூயார்க்கில் சார்ல்ஸ் ரெட்ஹெஃபர் என்பவர் தானாக ஓடும் மெஷின் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். பார்க்க வந்தவர்களில் ஒருவர் நீராவிக் கப்பல் விட்ட ராபர்ட் ஃபுல்டன். சக்கரம் ஒரே சீராக ஓடாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஏற்ற இறக்கத்தோடு ஓடுவதை அவர் கவனித்தார். கைப்பிடி சுற்றினால் வரும் ஓட்டம் அது. பக்கத்துப் பலகையைப் பெயர்த்தபோது உள்ளே ஒரு நரம்புக் கயிறு. அது சுவர் வழியாக மாடிக்குப் போனது. அங்கே ஒரு தாடிக்காரக் கிழவர் ஒரு கையால் ரொட்டியைத் தின்றுகொண்டு மறு கையால் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாக மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, காயில் போயிருக்கிறதா என்று சொல்கிறவன் நான். ஃபுல்டனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம் பக்கத்திலும் கதை உண்டு. 1996-இல் ராஜபாளையம் அருகே இடையன்குளத்திலிருந்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல் செய்தி வந்தபோது நான் ஒரு கடையில் ஹெல்பர். தமிழ்நாடே பெருமையில் மிதந்தது. நானும்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆட்கள் சுற்றி நின்று கவனித்தபோது அது பலிக்கவில்லை. பிறகு சி.பி.ஐ. வழக்கு நடந்து, 2016-இல் சென்னை நீதிமன்றம் மூன்று வருஷச் சிறைத்தண்டனை கொடுத்தது. 'பெட்ரோல் வந்ததா இல்லையா' என்றுதான் அன்று எல்லோரும் கேட்டோம். 'உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது, யார் எடை போட்டார்கள்' என்று எங்கள் முதலாளி ஒருவர்தான் கேட்டார். நாங்கள் அவரைப் பொறாமைக்காரர் என்று சொல்லிச் சிரித்தோம்.

சரி, ரப்பர் புரைக்கு வருவோம். முதலில், வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள். தோளில் துண்டும் வேண்டாம். மூடி போடாத பெல்ட் அது. 60 சென்டிமீட்டர் சக்கரம் 1500 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய வார்ப்புச் சக்கரத்தில் விரிசல் இருந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். சக்கரம் உருண்டால் எந்தத் திசையில் ஓடுமோ அந்தத் திசையில் நிற்காமல், பக்கவாட்டில் நில்லுங்கள்.

மெஷின்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பாதித் தமிழ், பாதி மலையாளம். கட்டன் சாயா வந்தது. பிளக்கைச் சொருகி இரண்டு நிமிடம் ஓடவிட்டார். பிறகு மந்திரவாதி மாதிரி பிளக்கைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நாலு எல்.இ.டி.யும் எரிந்தன. நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில், "பேரிங் சூடாகும்" என்று சொல்லி அவரே நிறுத்திவிட்டார்.

"இன்னொரு தடவை ஓடவிடுங்க, என் பல்பு ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன்" என்றேன். கொஞ்சம் தயங்கினார், ஆனால் விட்டார். அதை மறக்காமல் சொல்ல வேண்டும். குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. சக்கரத்தின் சத்தம் உடனே இறங்கத் தொடங்கியது. அரை நிமிடத்துக்குள் பல்பு மஞ்சளாகி, செக்கச் செவேலென்று ஆகி, கம்பி மட்டும் கனன்று அணைந்துபோனது. "அண்ணாச்சி, லோடு மேட்ச் ஆகல்லா" என்றார். 3 கிலோவாட் தருவதாகச் சொன்ன மெஷினுக்கு 200 வாட் மேட்ச் ஆகவில்லை.

அடுத்து நான் கேட்டது தண்ணீர்ப் பரிசோதனை. என்னைக் கேட்டால் இதுதான் ராஜா. மீட்டர் பொய் சொல்லும், கரண்டின் அலை கரடுமுரடாக இருந்தால் நல்ல மீட்டர்கூடப் பொய் சொல்லும். தண்ணீருக்கு அது தெரியாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 0.7 யூனிட். மெஷின் நிஜமாகவே 3 கிலோவாட் தந்தால், 1500 வாட் ராடு இரண்டைப் போட்டு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சக்கரத்தில் சேர்ந்திருந்த 28 கிலோஜூல் முழுவதையும் அந்த அண்டாவில் கொட்டினாலும் தண்ணீர் மூன்றில் ஒரு டிகிரிதான் ஏறும். பேட்டரி ஒளித்து வைத்திருப்பார்களோ என்று சந்தேகமா? தண்ணீரை மாற்றி மாற்றி நாலு தடவை காய்ச்சச் சொல்லுங்கள். மொத்தம் 2.8 யூனிட். மேலே சொன்ன 150 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றாவது தடவையிலேயே செத்துவிடும். ஒரு மணி நேர வேலை. மேஜைக் காலைத் தட்ட வேண்டியதே இல்லை.

இதை நம் வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் போவது முக்கியம். அதே அண்டா, அதே ராடு, அதே தெர்மாமீட்டர், வீட்டுக் கரண்ட். எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் அங்கே வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். இரண்டு மீட்டர் வைத்து உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்கிறார்கள் என்றால், பாதியில் இரண்டையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மாற்றியதும் லாபம் குறைந்தால் அந்த லாபம் மீட்டரில் இருந்தது, மெஷினில் அல்ல. ராடு ஓடும்போது மட்டும் தண்ணீரில் கை வைத்துவிடாதீர்கள்.

ஆவியாக வருவதைக் காட்டினால் இன்னும் கவனம் வேண்டும். 2011 ஜனவரியில் இத்தாலியின் பொலோன்யா நகரில் ஆந்த்ரேயா ரோஸ்ஸி 'ஈ-கேட்' என்ற கருவியைக் காட்டினார். தண்ணீர் ஆவியாக வருகிறது, போட்ட கரண்டைவிடப் பல மடங்கு வெப்பம் கிடைக்கிறது என்று கணக்கு. கேள்வி ஒன்றுதான்: வந்தது முழுக்க ஆவியா, சுடுதண்ணீரும் கலந்ததா? ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர 293 கிலோஜூல் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேற்கொண்டு 2,257 வேண்டும். எல்லாம் ஆவிதான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெறும் கொதிநீரே எட்டு மடங்கு லாபமாகத் தெரியும். இட்லிப் பானை மூடியைத் திறந்தவர்களுக்கு ஆவியோடு எவ்வளவு தண்ணீர் சொட்டும் என்று தெரியும். குழாய் முனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டு, வாளியின் எடையும் சூடும் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் விஷயம் முடிந்தது.

இதிலிருந்து எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னையே ஏமாற்றிக்கொள்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதில் நானும் ஒருவன். கடை போட்ட புதிதில், ஒரு வீட்டுக் கிணற்று மோட்டாருக்குக் கூடுதலாக ஒரு கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தேன். டாங் டெஸ்டரில் 6 ஆம்பியர் 4 ஆக இறங்கியது. "பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறையும்" என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொன்னேன். இரண்டு பில் கழித்து அவர் மீட்டர் அட்டையோடு வந்தார். ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. டாங் டெஸ்டர் காட்டுவது ஆம்பியரை. ஈ.பி. மீட்டர் எண்ணுவது நிஜமான வேலையை. லோடு இல்லாத மோட்டார் நிறைய ஆம்பியர் இழுத்தாலும் மிகக் குறைந்த வாட்தான் தின்னும். கெப்பாசிட்டர் அந்த வெற்று ஆம்பியரைத்தான் குறைக்கும். சந்தையில் 'பவர் சேவர்' என்று விற்கும் பல டப்பாக்களைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும்தான். இந்த ஓட்டையிலேயே 'போட்டதைவிட அதிகம் வருகிறது' என்ற வீடியோவும் பிறக்கும். உள்ளே போவதை வாட்டிலும் வெளியே வருவதை வோல்ட் பெருக்கல் ஆம்பியரிலும் சொன்னால் போதும்.

இதற்கு மருந்து வீட்டு மீட்டரிலேயே இருக்கிறது. அதில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மினுக்கும். பக்கத்தில் யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். 3200 என்று இருந்தால், 1000 வாட் ஓடும்போது நிமிடத்துக்கு 53 தடவை மினுக்கும், 100 வாட்டுக்கு ஐந்து தடவை. மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு எண்ணுங்கள். டப்பாவைச் சொருகிவிட்டும் எண்ணுங்கள். செலவே இல்லாத பரிசோதனை.

அளக்க விடாமல் சொல்லும் காரணங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. எங்கள் ஆள், "மீட்டர் வச்சா ஃபீல்டு கெட்டுப் போகும்" என்றார். டப்ளினில் ஸ்டியோர்ன் என்ற கம்பெனி, சும்மா சக்தி தரும் மெஷினைக் கண்டுபிடித்துவிட்டோம், வந்து சோதியுங்கள் என்று 2006-இல் பத்திரிகை விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளை அழைத்தது. 2007-இல் லண்டனில் காட்டுவதாக இருந்த நாளில், விளக்குகளின் சூட்டால் பேரிங் கெட்டது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அவர்களே அமைத்த நடுவர் குழு, சக்தி எதுவும் உண்டானதாகக் காட்டப்படவில்லை என்று 2009-இல் சொல்லிவிட்டது. அங்கேயும் பேரிங்தான் பாவம்!

'பேட்டண்ட் இருக்கு' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அது விண்ணப்பமா, வழங்கப்பட்டதா என்று பாருங்கள். கட்டணம் கட்டினால் யாரும் விண்ணப்பிக்கலாம், அதற்கு ஒரு நம்பரும் வரும். இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்கு நம் நாட்டில் பேட்டண்ட் கிடையாது, 1970-ஆம் வருஷச் சட்டத்தில் 3(ஏ) பிரிவு அதைத்தான் சொல்கிறது.

இன்னொன்று, எல்லைக்காரர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆளுக்குக் கேரளத்திலும், கேரள ஆளுக்கு இங்கேயும் வைத்துக் காட்டுவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். தாத்தா காலத்தில் எங்கள் ஊரே திருவிதாங்கூர்தான், 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் பணம் போனால் எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது, எந்த மொழியில் எழுதுவது என்று இன்று திண்டாட்டம்தான். அட்வான்ஸ் கொடுத்தே தீர வேண்டும் என்றால், 'இவ்வளவு வாட், இவ்வளவு மணி நேரம், என் இடத்தில் ஓடிக் காட்டாவிட்டால் பணம் வாபஸ்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். அதை எழுதச் சொன்னதும் முகம் மாறுகிறதா என்பதே ஒரு மீட்டர்.

இனி நான் செய்த தப்பு. திரும்பி வந்து மச்சினனிடம், "மாப்ளே, இது சக்கரத்தில் சேர்த்து வைத்ததுதான்" என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். அவனோடு வந்த கூட்டாளி கேட்கவில்லை. "பல்பு அணைஞ்சதை நீங்க சொல்றீங்க, எரிஞ்சதை நான் கண்ணால பாத்தேன்" என்றான். யோசித்தால், அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அந்தச் சக்கரத்தை எடை போடவில்லை, விட்டத்தை அளக்கவில்லை. ஆல்டர்னேட்டரின் பெயர்த் தகட்டைப் போட்டோ எடுக்கவில்லை. பல்பு சிவந்து அணைந்ததை வீடியோ எடுத்திருந்தால் அரை நிமிடம்தான், அதையும் எடுக்கவில்லை. அவர்களுடைய வீடியோவிலாவது 3 நிமிடம் 40 நொடி இருந்தது. என்னிடம் வாய்ப் பேச்சு மட்டும்தான். கூட்டாளி 10,000 கட்டினான்.

அதிலிருந்து ஒரு பழைய லெட்ஜரில் இதற்கென்று பக்கம் ஒதுக்கிவிட்டேன். தேதி, இடம், சுற்றி நின்றவர்கள் யார் யார், சக்கரத்தின் எடை, தொடங்கிய நேரம், நின்ற நேரம், லோடு எத்தனை வாட், அளந்தது யாருடைய மீட்டர், கேட்டும் செய்ய விடாதது என்ன. போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, நாங்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக ஓடவிடுகிறேன். கடிகாரம் ஒன்று வீடியோவுக்குள் தெரிய வேண்டும். மெஷின் ஜெயித்தாலும் இதே பதிவு அவர்களுக்குத்தான் உதவும், அதைச் சொல்லித்தான் அனுமதி கேட்கிறேன்.

மெஷின்காரருக்கு ஆனியில் ஒரு தடவை போன் செய்து, மெஷினை என் கடைக்குக் கொண்டுவாருங்கள், வண்டி வாடகை என்னுடையது, தண்ணீர் காய்ச்சிப் பார்ப்போம் என்றேன். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அதற்கென்று தென்காசியில் 20 லிட்டர் அலுமினிய அண்டா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஐப்பசி பிறந்துவிட்டது. அந்த அண்டாவில் இப்போது மண்ணெண்ணெய் ஊற்றிப் பேரிங் கழுவிக்கொண்டிருக்கிறோம்.